டெர்பி இரவும் குடியிருப்புக் கூடமும்: தடை போடுவதா, ஏற்பாட்டைச் சரிசெய்வதா?

வாசகர் கேள்வி: கொல்கத்தா நியூ டவுனில் 240 வீடுகள் கொண்ட அடுக்குமாடிக் குடியிருப்பில் சங்கச் செயலாளராக இருக்கிறேன். சொந்த ஊர் தஞ்சாவூர். எந்த கிளப்பும் சாராதவன் என்பதாலேயே இந்தப் பொறுப்பை என் தலையில் கட்டிவிட்டார்கள். டெர்பியை, அதாவது ஒரே ஊரின் எதிரிக் கால்பந்து கிளப்புகளான மோகன் பாகன் – ஈஸ்ட் பெங்கால் மோதும் ஆட்டத்தை, சமுதாயக் கூடத்தில் திரை கட்டிக் காட்டினோம். 150 பேர் வந்தார்கள். இரண்டாம் பாதியில் ஒரு பெனால்டி பற்றித் தகராறு. மொபைல் ஆப் வழியாகத்தான் ஒளிபரப்பு என்பதால், பின்னால் ஓட்டி ஓட்டிப் பார்த்தார்கள். அப்புறம் ஒரு கோல் விழுந்தது, நாற்காலி பறந்தது. கொடிக் கம்பு பட்டு ஒன்பதாம் வகுப்புப் பையனுக்கு மூன்று தையல். கூடம் 60க்கு 40 அடி. நான்கடி அகலத்தில் இரண்டு கதவுகள், பின்கதவு எப்போதும் பூட்டியே இருக்கும். கமிட்டியில் பாதிப் பேர் இனி திரையிடலே வேண்டாம் என்கிறார்கள். என்ன செய்யலாம்? இன்னொன்று: ஈஸ்ட் பெங்கால் ரசிகனான என் 13 வயது மகன், மோகன் பாகன் ரசிகனான வகுப்பு நண்பனோடு ஸ்டேடியத்துக்குப் போக வேண்டும் என்கிறான். அனுப்பலாமா?

கூட்ட மேலாண்மை ஆலோசகரின் பதில்:

தடை வேண்டாம். தடை போட்டாலும் ஜனம் ஆட்டத்தைப் பார்க்கத்தான் போகிறது, இடம்தான் மாறும். ஒரு கும்பல் மொட்டை மாடியில் புரொஜெக்டர் வைக்கும், இன்னொன்று கார் நிறுத்துமிடத்தில் கூடும், ஒரே ஃபிளாட்டில் நாற்பது பேர் அடைவார்கள். இடுப்பளவு கைப்பிடிச் சுவர் உள்ள மாடியில் கோல் கொண்டாட்டம் என்பது நாற்காலி பறப்பதைவிட எவ்வளவோ ஆபத்து. கூடத்தில் என்றால் யார் எங்கே உட்கார்ந்திருக்கிறார், எந்த வழியாக வெளியே போகிறார் என்பதாவது உங்கள் கையில் இருக்கிறது.

நடந்ததை ரசிகர்களின் குணத்தோடு முடிச்சுப் போடாதீர்கள். உங்கள் கடிதத்திலேயே காரணம் இருக்கிறது: பின்னால் ஓட்டிக் காட்டிய ரிமோட், கம்போடு உள்ளே வந்த கொடி, கட்டாமல் போட்ட நாற்காலி, பூட்டிய கதவு. கூட்டம் அளவுக்கு மீறவில்லை. 60க்கு 40 அடிக் கூடத்தில் 150 பேர் தாராளமாக உட்காரலாம்.

ரிமோட்டிலிருந்து தொடங்குகிறேன், ஏனென்றால் தகராறு அங்கேதான் பிறந்தது. ஆப் வழி வரும் ஒளிபரப்பு, டிடிஹெச்சில் வருவதைவிட அரை நிமிடம் வரை, சில சமயம் அதற்கும் மேல், பின்தங்கி ஓடும். கூடத்தில் ஆப் ஓடுகிறது, ஏழாவது மாடி வீட்டில் டிடிஹெச் ஓடுகிறது என்றால், உங்கள் திரையில் பந்து நடுக்கோட்டில் இருக்கும்போதே மாடியிலிருந்து “கோல்!” என்று கூச்சல் இறங்கிவிடும். யார் போட்டது என்று தெரியாத அந்த அரை நிமிடத்தில் இரண்டு தரப்பும் எழுந்து நிற்கும். படம் வந்து சேரும்போது ஒரு தரப்பு ஏமாந்திருக்கும், மறுதரப்பு அதைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருக்கும். எரிச்சல் இங்கேதான் கூடுகிறது. ஆகவே டிடிஹெச் அல்லது கேபிள் இணைப்பு, ஒரே திரை, ஒரே ஒலிபெருக்கி. நிறுத்துவது, பின்னோட்டுவது இரண்டும் கிடையாது என்பதை முதல் நாளே அறிவித்துவிடுங்கள். ரிமோட் உங்கள் சட்டைப் பையில் இருக்கட்டும். ஒளிபரப்பாளரே காட்டும் ரிப்ளே போதும். அதற்கு மேல் காட்டினால் நூற்றைம்பது பேரும் நடுவராகிவிடுவார்கள். வீட்டுச் சந்தா என்பது வீட்டில் பார்ப்பதற்குத்தான் என்பதையும் மறக்க வேண்டாம். பொதுக்கூடத்தில் காட்ட என்ன அனுமதி வேண்டும் என்று உங்கள் ஆபரேட்டரிடம் எழுத்தில் கேட்டு வாங்குங்கள். டிக்கெட் போட்டுக் காசு வசூலிக்காதீர்கள்.

அடுத்து இருக்கை. திரையை 40 அடிச் சுவரில் கட்டுங்கள். திரைக்கு முன்னால் 12 அடி, பின்சுவரை ஒட்டி 6 அடி காலி. மிச்சம் 42 அடி நீளம். அகலவாக்கில் நடுவே 8 அடிப் பாதை, இரு ஓரத்திலும் மும்மூன்று அடி. ஒரு பக்கத்துக்கு 13 அடி கிடைக்கும், அதில் ஆறு பிளாஸ்டிக் நாற்காலி. வரிசைக்கு வரிசை 3 அடி விட்டால் பதினான்கு வரிசை. இரண்டு பக்கமும் சேர்த்து 168 இடம். முதல் நான்கு வரிசையை, அதாவது 48 இடத்தை, குழந்தைகளோடு வருபவர்களுக்கும் எந்தப் பக்கமும் சாராதவர்களுக்கும் கொடுத்துவிடுங்கள். அதற்குப் பின்னால் பக்கத்துக்கு 60 பேர்.

இரு தரப்பும் திரையைப் பார்த்துத்தான் உட்கார வேண்டும். கூடம் சதுரமாக இருந்தால் சிலர் ‘ப’ வடிவில் நாற்காலி போட்டுவிடுவார்கள். எதிரெதிர் முகம் பார்த்தபடி ஒரு டெர்பியைப் பார்க்க வைப்பது, சண்டைக்குப் பந்தல் போட்டுக் கொடுப்பதுதான். ஒவ்வொரு வரிசையின் ஆறு நாற்காலிகளையும் கால்களில் கேபிள் டை போட்டு ஒன்றாகக் கட்டிவிடுங்கள். ஒரு நாற்காலி இரண்டரை கிலோ இருக்கும், ஒரு கையால் வீசலாம். ஆறு சேர்ந்தால் யாராலும் வீச முடியாது. நாற்காலிக்கு இரண்டு டை போதும், மறுநாள் கத்தரியால் வெட்டிவிடலாம்.

யாரை எந்தப் பக்கம் உட்கார வைப்பது என்பதை நீங்களே ஊகிக்காதீர்கள். பூர்வீக மேற்கு வங்கத்தவர், அதாவது ‘கோட்டி’ என்றால் மோகன் பாகன், கிழக்கு வங்கத்திலிருந்து வந்த ‘பாங்கால்’ என்றால் ஈஸ்ட் பெங்கால் என்பது பழைய கணக்கு. கலப்புத் திருமணங்கள் பெருகிய இன்றைய கொல்கத்தாவில் அப்பா ஒரு பக்கம், மகள் ஒரு பக்கம் என்பது சாதாரணம். குடும்பப் பெயரை வைத்துச் சீட்டு ஒதுக்கினால் அதுவே அவமானமாகிவிடும். பதிவுத் தாளில் ‘இடது, வலது, முன்வரிசை’ என மூன்று கட்டம் போடுங்கள், அவரவரே டிக் செய்யட்டும்.

கதவு விஷயம் இதைவிட முக்கியம். பின்கதவைத் திறந்தே ஆக வேண்டும். ஒரு மீட்டர் அகல வழியில், சமதளத்தில், நிமிடத்துக்கு 82 பேர் போகலாம் என்பது பிரிட்டிஷ் மைதானப் பாதுகாப்பு வழிகாட்டியின் கணக்கு. உங்கள் நான்கடிக் கதவில் சுமார் நூறு பேர். அந்தக் கணக்குப்படி ஒரே கதவில்கூட இரண்டு நிமிடத்துக்குள் கூடம் காலியாகிவிடும். சிக்கல் வேகத்தில் இல்லை. தோற்றவரும் ஜெயித்தவரும் ஒரே நான்கடியில் தோள் உரசிக்கொண்டு வெளியே போக வேண்டியிருந்தது, அதில்தான் இருக்கிறது. இடப்பக்கத்தாருக்கு ஒரு கதவு, வலப்பக்கத்தாருக்கு ஒரு கதவு. ஆட்டம் முடிந்ததும் தோற்ற தரப்பை முதலில் அனுப்புங்கள். அவர்களுக்கும் அங்கே நிற்க மனமிருக்காது. ஜெயித்தவர்களுக்குக் கால் மணி நேரம் கூடத்திலேயே பாட்டு, இனிப்பு. அவர்கள் வெளியே வரும்போது மற்றவர்கள் லிஃப்ட் ஏறியிருப்பார்கள்.

கதவின் அருமை தெரிய கொல்கத்தாவின் சொந்த வரலாறே போதும். 1980 ஆகஸ்ட் 16 அன்று ஈடன் கார்டனில் நடந்த லீக் டெர்பியில் களத்தில் ஒரு முரட்டு மோதல், இரண்டு பேருக்குச் சிவப்பு அட்டை. கேலரியில் கைகலப்பு மூண்டது. தப்பிக்க முண்டியடித்த நெரிசலில் 16 ரசிகர்கள் செத்தார்கள். இன்றும் அந்த நாளை கால்பந்து ரசிகர் தினமாக ரத்ததானம் செய்து அனுசரிக்கிறார்கள். உங்கள் கமிட்டியில் வயதானவர்கள் இருந்தால் அந்தத் தேதியைச் சொன்னாலே போதும், பின்கதவுச் சாவி தானாக வந்துவிடும்.

கொடிக்குக் கம்பு கிடையாது. மூங்கிலும் வேண்டாம், பிவிசி குழாயும் வேண்டாம். துணியைத் தோளில் போர்த்திக்கொள்ளலாம், இரண்டு கையால் விரித்துப் பிடிக்கலாம். புகைக்குப்பி, பட்டாசு, கண்ணாடிப் பாட்டில் வாசலிலேயே நிற்கட்டும். மது பரிமாறக் கலால் அனுமதி வேண்டும் என்பது ஒருபுறமிருக்க, இந்த இரவுக்கு அது வேண்டவே வேண்டாம்.

தொண்டர்கள் விஷயத்தில் எல்லோரும் ஒரே இடத்தில் சறுக்குகிறார்கள். இரு தரப்பிலிருந்தும் ஆர்வமான இளைஞர்களைப் பிடித்துப் பட்டை அணிவித்து நடுப்பாதையில் நிறுத்துவார்கள். ஆட்டம் தொடங்கிய பத்தாவது நிமிடத்தில் அத்தனை பேரும் திரையைப் பார்த்துக்கொண்டிருப்பார்கள். நடுப்பாதையில் நிற்பவர் திரைக்கு முதுகு காட்டி, கூட்டத்தைப் பார்த்து நிற்க வேண்டும். டெர்பி நடக்கும்போது ஒரு ரசிகரிடம் இதை எதிர்பார்ப்பது அநியாயம். அதனால் பாதையிலும் கதவிலும் காவலாளிகள் நால்வர்; நீல நிற மேலங்கி போதும், அது சிவப்பு–மஞ்சளும் இல்லை, மரூன்–பச்சையும் இல்லை. பேச்சு தடித்தால் போய்ச் சமாதானம் செய்ய ரசிகர் ஜோடிகள் மூன்று, ஜோடியில் தரப்புக்கு ஒருவர். கத்துகிறவரிடம் அவர் கிளப் ஆள்தான் பேச வேண்டும், மற்றவர் பக்கத்தில் நின்றால் போதும். கோல் விழுந்த பிறகு ஒன்றரை நிமிடம் யாரும் நடுப்பாதைக் கோட்டைத் தாண்டக் கூடாது என்பது மட்டுமே இவர்கள் காக்க வேண்டிய விதி. எழுந்து குதிக்கட்டும், கத்தட்டும், கோட்டுக்கு அந்தப் பக்கமாக.

எதிர்த் தரப்போடு ஜோடி சேர மாட்டோம் என்று யாராவது முறுக்கினால், 2024 ஆகஸ்ட் 18-ஐ ஞாபகப்படுத்துங்கள். அன்றைய டூரண்ட் கோப்பை டெர்பி ரத்தானது. ஆனாலும் இரு கிளப் ரசிகர்களும் கொல்கத்தாவின் இன்னொரு கிளப்பான முகமதன் ஸ்போர்ட்டிங் ரசிகர்களோடு சேர்ந்து சால்ட் லேக் ஸ்டேடியத்துக்கு வெளியே கூடி, ஆர்.ஜி. கர் மருத்துவமனையில் கொல்லப்பட்ட மருத்துவருக்கு நீதி கேட்டார்கள். போலீஸ் தடியடியையும் ஒன்றாகத்தான் வாங்கினார்கள்.

இனி கேலி. இதை அடக்க முயலாதீர்கள். கேலி இல்லாத டெர்பியை யாரும் பார்க்க வர மாட்டார்கள். ஆனால் எது கேலி, எது புண் என்று வெளியூர்க்காரரான உங்களுக்குப் பிடிபட வேண்டும்.

மீன் கேலி எவ்வளவு வேண்டுமானாலும் போகலாம். மோகன் பாகனுக்கு இறால், ஈஸ்ட் பெங்காலுக்கு ஹில்சா. ஜெயித்த மறுநாள் சந்தையில் அந்தந்த மீனின் விலை ஏறுவது ஊரறிந்தது. ஈஸ்ட் பெங்கால்காரர் மறுதரப்பை ‘மாச்சா’ என்பார், பதிலுக்கு ‘லோட்டா’ வரும். இரண்டும் பழகிப்போன வசை, விட்டுவிடுங்கள். ஸ்கோர் கேலியும் சரிதான்: 1975 ஐஎஃப்ஏ ஷீல்டு கோப்பை இறுதியில் ஈஸ்ட் பெங்கால் ஜெயித்த 5–0 ஒரு பக்கம், 2009 அக்டோபரில் மோகன் பாகனின் சிடி எடே நான்கு கோல் அடித்த 5–3 மறுபக்கம். 1997 ஃபெடரேஷன் கோப்பை அரையிறுதிக்கு முன்னால் மோகன் பாகன் பயிற்சியாளர் அமல் தத்தா, ஈஸ்ட் பெங்காலின் சோஸோவை ‘ஷோஷா’, அதாவது வெள்ளரிக்காய் என்றும், பூட்டியாவை ‘சுங் சுங்’ என்றும் கிண்டலடித்தார். 1,31,781 பேர் பார்த்திருக்க பாய்ச்சுங் பூட்டியா மூன்று கோல் போட்டார், ஈஸ்ட் பெங்கால் 4–1 என்று ஜெயித்தது. இந்தக் கதையை இன்றும் இரு தரப்பும் ரசித்துத்தான் சொல்கிறார்கள்.

கூடாதது, பூர்வீகத்தைத் தொடுவது. ஈஸ்ட் பெங்கால் பிறந்த கதையே அதுதான். 1920 ஜூலையில் மோகன் பாகனுக்கு எதிரான ஆட்டத்தில் ஜோராபாகான் அணி சைலேஷ் போஸ் என்ற வீரரை ஒதுக்கியது. கிழக்கு வங்கத்தவர் என்பதால்தான் ஒதுக்கினார்கள் என்று கருதிய அந்த அணியின் துணைத் தலைவர் சுரேஷ் சந்திர சௌதுரி வெளியேறி, சிலரோடு சேர்ந்து ஆகஸ்ட் 1-இல் புது கிளப் தொடங்கினார். 1947-க்குப் பிறகு வீடு வாசலை விட்டு எல்லை தாண்டி வந்தவர்களுக்கு அந்த கிளப் ஊன்றி நிற்க ஓர் இடமானது. ‘முள்வேலி தாண்டி வந்தவன்’, ‘அகதி’, ‘உன் ஊர் பங்களாதேஷ்’ என்பதெல்லாம் ஆகவே கால்பந்துப் பேச்சில்லை. 2020 ஜனவரி டெர்பியில், குடியுரிமைச் சட்டச் சர்ச்சை உச்சத்தில் இருந்தபோது, ஈஸ்ட் பெங்கால் கேலரியில் விரிந்த பெரிய பதாகை சொன்னது: ‘ரத்தம் கொடுத்து வாங்கிய மண் இது, காகிதம் கொடுத்து அல்ல.’ அந்த நரம்பு இன்னும் அவ்வளவு உயிரோடு இருக்கிறது. மறுதிசையில், கோட்டிகளைக் கஞ்சர்கள் என்று குடும்பத்தோடு சேர்த்து இழிப்பதும் அதே ரகம். 1980 சாவுகளைப் பற்றியோ, 1975 தோல்விக்குப் பின் உயிரை மாய்த்துக்கொண்ட ரசிகரைப் பற்றியோ ஒரு வார்த்தை வந்தாலும் அவரை எழுப்பி வெளியே அனுப்புங்கள். இரண்டாம் எச்சரிக்கையெல்லாம் வேண்டாம். இந்த விதியை வங்க மொழியில் அச்சிட்டு இரு கதவிலும் ஒட்டுங்கள். கீழே தரப்புக்கு ஒரு மூத்தவரின் கையெழுத்து இருக்கட்டும். உங்கள் கையெழுத்துக்கு அங்கே எடை கிடையாது, தப்பாக நினைக்க வேண்டாம்.

வாட்ஸ்அப் குழுவை ஆட்டத்துக்கு ஒரு மணி நேரம் முன்பு ‘அட்மின் மட்டும்’ என்று மாற்றி, மறுநாள் காலை ஒன்பதுக்குத் திறங்கள். கூடத்தில் அடங்கிய சண்டை இரவு பதினொன்றரைக்கு மீம் வடிவில் திரும்பி வருவதுதான் வழக்கம்.

சாப்பாடு சுருக்கமாக. இடைவேளையில் மீன் வேண்டாம். முள், கை கழுவ வரிசை, வாசனை. கூக்னி (பட்டாணி மசாலா), ஜால்முரி (காரப் பொரி), டீ போதும். 170 பேருக்கு உலர் பட்டாணி 7 கிலோ, ஆளுக்கு ஒன்றரைக் குவளைக் கணக்கில் டீ 18 லிட்டர். இரண்டு கவுண்டர், எதிரெதிர் மூலையில். ஒரே கவுண்டர் வைத்தால் நீங்கள் அளந்து போட்ட 8 அடிப் பாதை பதினைந்து நிமிடத்துக்கு அர்த்தமற்றுப் போகும். மீனை மறுநாள் பந்தயமாக வையுங்கள்: தோற்ற தரப்பு ஜெயித்தவர்களின் மீனை வாங்கித் தரட்டும். ஒரு கிலோவுக்கு மேல் எடையுள்ள ஹில்சா ஆயிரம் ரூபாயைத் தாண்டும் என்பதால் ஆளுக்கு இவ்வளவு என்று முன்பே பேசிவிடுவது நல்லது, இல்லையென்றால் அதிலும் ஒரு வழக்கு வரும்.

நேரக் கணக்கு: ஏழரைக்குத் தொடங்கும் லீக் ஆட்டம் ஒன்பது இருபத்தைந்துக்குள் முடியும். ஜெயித்தவர்களின் ஊர்வலத்துக்குப் பிரதான வாசல் வரை போய்த் திரும்பும் ஒரே பாதை, கால் மணி நேரம். மற்ற டவர்களின் அடியில் நின்று டோல் மேளம் அடிக்கக் கூடாது. இரவு பத்துக்கு மேல் ஒலிபெருக்கிக்குச் சட்டப்படித் தடை. நாக் அவுட் ஆட்டம் கூடுதல் நேரம், பெனால்டி என்று இழுத்தால் பத்தே கால் ஆகிவிடும். அப்படியானால் பத்து மணிக்கு ஒலியைக் கூடத்துக்குள் மட்டும் கேட்கும் அளவுக்குக் குறைத்துவிட்டு, ஊர்வலத்தை ரத்து செய்யுங்கள். பகுதிக் காவல் நிலையத்துக்கு ஒரு வாரம் முன்பே கடிதம் கொடுத்து முத்திரை வாங்கி வையுங்கள். முதலுதவிப் பெட்டியில் ஐஸ் பையும் கட்டுத்துணியும் இருக்கட்டும்.

உங்கள் மகன் விஷயம். தஞ்சாவூர்க்காரர் வீட்டில் ஈஸ்ட் பெங்கால் ரசிகன் எப்படி முளைத்தான் என்று நீங்கள் கேட்கவில்லை, ஆனாலும் ஊகிக்கலாம்: 2023 ஆகஸ்ட் 12 டூரண்ட் கோப்பை டெர்பியில் ஒரே கோலைப் போட்டு, நாலரை ஆண்டுக்குப் பின் ஈஸ்ட் பெங்காலை ஜெயிக்க வைத்தவர் சென்னைப் பையன் நந்தகுமார் சேகர்.

13 வயதில் பெரியவர் துணையின்றி அனுப்பக் கூடாது. இரு பையன்களையும் ஒன்றாக அனுப்பலாம், ஆனால் ஜெர்ஸி அணிந்து ஒரே ரசிகர் கேலரியில் உட்கார வைக்க முடியாது. இரு கிளப்புக்கும் வாசலும் பகுதியும் பிரித்தே ஒதுக்குவார்கள். விலை கூடிய பகுதியில், சாதாரணச் சட்டையோடு, உங்களுக்கும் சேர்த்து மூன்று சீட்டு எடுங்கள். ஆன்லைனில் வாங்கினாலும் சில ஆட்டங்களுக்கு அச்சு டிக்கெட்டாக முன்பே மாற்ற வேண்டியிருக்கும். ஆட்டத்தன்று மதியம் அந்த வரிசையில் நிற்காதீர்கள். பை, தண்ணீர்ப் பாட்டில், பவர் பேங்க், சில்லறைக் காசு, ஹெல்மெட் எல்லாம் வாசலில் பிடுங்கப்படும். ஒன்றரை மணி நேரம் முன்பே உள்ளே இருங்கள்.

காரில் போக வேண்டாம். செக்டர் ஃபைவ் வரை பஸ், அங்கிருந்து பச்சை வழித்தட மெட்ரோவில் சால்ட் லேக் ஸ்டேடியம் நிலையம், பிறகு நடை. திரும்பும்போது இறுதி விசிலுக்கு ஐந்து நிமிடம் முன்னால் எழுந்துவிடுங்கள். பையன்கள் சம்மதிக்கவில்லை என்றால், சீட்டிலேயே இருபது நிமிடம் உட்கார்ந்திருந்து பிறகு கிளம்புங்கள். இரண்டுக்கும் நடுவே கிளம்புவதுதான் தவறு. பைபாஸ் சாலையில் கொடி பறக்க, மேட்டடோர் எனும் திறந்த சரக்கு வண்டிகள் வரிசையாக நிற்கும். வகுப்பு நண்பனின் அண்ணன் ‘ஏறிக்கோ, இறக்கிவிடுகிறேன்’ என்று கூப்பிடுவான். அதில் மட்டும் ஏறக் கூடாது என்று வீட்டிலிருந்து கிளம்பும் முன்பே இருவரிடமும் சொல்லிவிடுங்கள்.